கேட்கத் தெரிந்தவள்

அவளுக்குக் கூச்சம் என்பதே கிடையாது. இதை நான் பாராட்டாகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் என் கணவரிடம் இதை ஒரு குறையாகத்தான் சொல்வேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது இருந்திருந்தா அவங்களும் நம்மள மாதிரி ஆயிருப்பாங்க" என்பார். அதற்கப்புறம் அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

தொண்ணூறுகளின் கடைசி. ஃப்ரீமான்ட்டில் அபார்ட்மென்ட் வாடகை ஏறிக்கொண்டே போனதால் பழைய மொபைல் ஹோம் ஒன்றை வாங்கிக் குடிபோனோம். பெயர்தான் மொபைல். எங்கோ தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து ஓர் இடத்தில் நிறுத்திவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் நகராது. சுவரைத் தட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி சத்தம் வரும். இப்படி வீடுகளை நிறுத்திவைக்கிற இடத்துக்குப் பார்க் என்று பெயர். எங்கள் பார்க்கில் வரிசையாக இதே மாதிரி வீடுகள். பெரும்பாலும் ரிட்டையர் ஆன வெள்ளைக்காரர்கள், கொஞ்சம் மெக்ஸிகோக் குடும்பங்கள். தமிழ் வீடு இரண்டுதான். எங்களுடையது ஒன்று. பக்கத்து வீடு அவளுடையது.

நாங்கள் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து வாசலில் நின்றாள். தேனிப் பக்கம். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள்.

"தமிழா? எந்த ஊரு? மெட்ராஸா? என்ன படிச்சிருக்கீங்க? எத்தனை புள்ள? ஒண்ணுதானா, ஏன்?"

நான் ஒவ்வொன்றுக்கும் பதில் யோசிப்பதற்குள் அடுத்தது வந்துவிட்டது. காபி குடித்து முடிக்கும்போது நான் 'நீ' ஆகியிருந்தேன். அவளை நான் கடைசிவரை 'நீங்க', 'அக்கா' என்றுதான் கூப்பிட்டேன். எம்.ஏ. இங்கிலீஷ் என்று சொன்னதும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடியாத்தி! அப்ப இனிமே எனக்காக நீதான் எல்லார்கிட்டயும் பேசணும்."

எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் என் படிப்பு ஒருத்திக்காவது பயன்படப்போகிறதே என்று நினைத்தேன். கணவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். வேலைக்குப் போக அனுமதி இல்லை. ஆனால் ஒருநாளும் அவளுக்கு என் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அவளிடம் பத்திருபது வார்த்தைகள் இருந்தன, இரண்டு கைகள் இருந்தன, அதற்குமேல் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் பார்க்கைச் சுற்றி நடக்கும்போது எதிர்ப்படுகிற ஒவ்வொருவரையும் நிறுத்துவாள். காலில் என்ன கட்டு? மகன் ஏன் வரவே இல்லை? இந்தப் பூவுக்கு என்ன பேர்? ஒரு கிளை உடைத்துக்கொள்ளலாமா?

நானும் அதே வழியில் தினமும் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவள்தான். "ஹாய்" என்பேன். படியில் நிற்கிற கிழவிகளும் "ஹாய்" என்பார்கள். அவ்வளவுதான். அவள் வருகிற நேரத்துக்கு அதே கிழவிகள் படியில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

"எப்படிக்கா இப்படிக் கேக்குறீங்க? தப்பா நினைச்சுட்டா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கேட்டா என்ன, குறைஞ்சா போயிடுவோம்?" என்றாள்.

அந்தக் குழாய் விஷயத்தை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

இவர் அப்போது டல்லாஸில் ஒரு ப்ராஜெக்ட்டில் இருந்தார். திங்கட்கிழமை ஃப்ளைட் ஏறினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவார். அப்படி அவர் இல்லாத ஒரு வாரத்தில், காலையில் மகளைக் குளிப்பாட்டிவிட்டு ஷவரின் வெந்நீர்க் குமிழைத் திருகினேன். அது சுற்றியது. இன்னும் திருகினேன். இன்னும் சுற்றியது. தண்ணீர் நிற்கவில்லை. குளியலறை முழுக்க ஆவி. குழந்தையைத் துண்டில் சுற்றி வெளியே உட்காரவைத்துவிட்டு, டெலிபோன் புத்தகத்தைப் பார்த்து ஒரு ப்ளம்பருக்கு போன் செய்தேன்.

"மை ஷவர் டேப் இஸ் நாட் க்ளோஸிங்."

"யுவர் வாட்?"

"டேப்."

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்த மாதிரி இருந்தது. இங்கே அதற்கு ஃபாஸெட் என்று பெயர். எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பை கோப்பையாக வாங்கியவள் நான். வீடு எங்கே என்று கேட்டான். சொன்னேன். மொபைல் ஹோம் வேலையெல்லாம் நாங்கள் எடுப்பதில்லை என்று வைத்துவிட்டான். மறுபடி வேறொருவனுக்கு போன் செய்து இன்னொரு முறை 'யுவர் வாட்?' கேட்க எனக்குத் தெம்பில்லை.

அப்போதுதான் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டு அவள் வந்தாள். வந்ததும் காதைத் தீட்டினாள். "யாரு குளிக்கிறது? வீட்டுக்காரரு ஊருல இல்லையே?"

"யாரும் குளிக்கலைக்கா. பைப் நிக்க மாட்டேங்குது."

நேராக உள்ளே போனாள். குமிழைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். அது கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆவாது. வீட்டுக்கு வர்ற தண்ணியை எங்க மூடுறது?" என்றாள்.

"தெரியாதுக்கா."

"எனக்கும் தெரியாது. கேப்போம்."

எதிர்வீட்டில் ஒரு கிழவர் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருடமாக எதிரெதிரே இருக்கிறோம், அவர் குரல் எப்படியிருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. இவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். "அங்கிள்! வாட்டர்! ஸ்டாப், வேர்?" ஹோஸைக் கீழே போட்டுவிட்டு அந்த மனிதர் ஓடிவந்தார். வீட்டின் அடிப்பாகத்தைச் சுற்றி அடித்திருந்த தகட்டில் ஒரு துண்டைக் கழற்றி, மண்ணில் முழங்கால் போட்டு, கையை உள்ளே விட்டு எதையோ திருகினார். உள்ளே ஷவர் நின்றது. இந்த மாதிரி வீடுகளில் குழாயை முன்பக்கமிருந்து கழற்ற முடியாது, பின்னாலிருக்கும் அலமாரிச் சுவரில் ஒரு பலகை இருக்கும், அதைத் திறக்கவேண்டும் என்று சொல்லித் தன் ஸ்க்ரூடிரைவரையும் கொடுத்தார்.

பின்னாலிருந்தது என் துணி அலமாரி. பட்டுப்புடவைகளை ஹேங்கரோடு அள்ளிக் கட்டிலில் போட்டாள். நடுவில், "இது நல்லாருக்கே, எங்க எடுத்தது?" என்று ஒரு கேள்வி. பலகையைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் பைப்கள் வந்து குழாயில் மாட்டியிருந்தன. கையாலேயே திருகிக் கழற்றிவிட்டாள். வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டிருந்த குழாய், கையில் எடுத்தால் வெறும் பிளாஸ்டிக்.

"வா, இதுக்கு ஜோடி வாங்கிட்டு வருவோம்."

எனக்கு லைசென்ஸ் இல்லை. அவளுடைய பழைய காரில் போனோம். பெரிய ஹார்ட்வேர் கடைக்குள் அந்தச் சொட்டுகிற குழாயைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் குழந்தையோடு நாலடி பின்னால் போனேன், சும்மா கடைக்கு வந்த வேறு யாரோ மாதிரி. ஏப்ரன் கட்டிய ஓர் ஆளைப் பிடித்து, "ஐ வான்ட் திஸ் பிரதர்" என்றாள்.

அவன் சிரித்தான், ஆனால் அது அந்தப் ப்ளம்பரின் சிரிப்பு இல்லை. அளந்து பார்த்து, சாதாரண வீட்டுக் குழாய் இதற்குப் பொருந்தாது, ஹேவர்டில் மொபைல் ஹோம் சாமான் மட்டும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, அங்கே போங்கள் என்று வழி சொன்னான். அவன் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு காகிதத்தை அவனிடமே கொடுத்துப் படம் வரைந்து வாங்கிக்கொண்டாள்.

ஹேவர்ட் கடைக்காரர் தாடி வைத்த பெரிய உருவம். அவரிடமும் பிரதர் கேட்டாள். அவர் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, "சிஸ்டர் ஓகே?" என்றார். கடையே சிரித்தது. திருகு மறைகளில் வெள்ளை நாடாவை எப்படிச் சுற்றுவது, ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அதனால் கையாலேயே இறுக்கவேண்டும் என்றெல்லாம் கவுன்டரில் வைத்துச் செய்தே காட்டினார். மூன்று முறை கேட்டாள், மூன்று முறையும் காட்டினார். என் மகள் புது மனிதர்களைக் கண்டால் என் துப்பட்டாவுக்குள் புகுந்துகொள்கிறவள். அன்று அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து, கடைக்காரர் கொடுத்த மிட்டாயைச் சப்பிக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து மாட்டினாள். கிழவர் அடியில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. குளிர்ந்த நீர்க் குமிழைத் திறந்து கையை நீட்டியவள் துள்ளிக் குதித்தாள். "ஆத்தீ! சுடுது!" பைப்களை இடம் மாற்றி மாட்டியிருந்தாள். குளிர்ந்த நீர்ப் பக்கம் வெந்நீர், வெந்நீர்ப் பக்கம் குளிர்ந்த நீர். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே கிழவரும் சிரித்தார்.

"திரும்பக் கழட்டி மாத்தணுமாக்கா?"

"எதுக்கு? தண்ணி நிக்குதுல்ல? அம்புட்டுத்தான்."

வெள்ளிக்கிழமை இவர் வந்தார். இதை எப்படி ஆரம்பித்து எப்படிச் சொல்லவேண்டும் என்று நான் வாரம் முழுவதும் மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். டாக்ஸியிலிருந்து பெட்டியை இறக்கும்போதே அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள். வாசலில் இருவரும் சிரிக்கிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அவர் வீட்டுக்குள் வரும்போது சொல்ல எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. குளித்துவிட்டுத் துண்டோடு வந்தவர், "சூப்பர் லேடி. இவ்ளோ படிச்சுட்டு நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நான் என்ன?"

"ஒண்ணுமில்ல."

முடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் 'பிரதர் குழாய்' கதையை இவர் சொல்லாமல் இருந்ததில்லை. வெந்நீர் இடம் மாறியதைச் சொல்லும்போதுதான் எல்லோரும் அதிகமாகச் சிரித்தார்கள். நான் ஒரு தப்புச் செய்தால் அது தப்பு. அவள் செய்தால் அது கதை.

சான் ரமோனில் பெரிய கம்பெனி ஒன்றில் டைரக்டராக இருந்த ஒருவர் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ்க் குடும்பங்கள் கூடுவோம். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து எடுத்துப்போவோம். அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வீட்டின் மாடியைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே ஆசை. எப்படிக் கேட்பது? அவள் வந்த முதல் நாளே, சாம்பார் வாளியைக் கீழே வைக்கும் முன்பே, "இந்த வீடு என்ன விலைக்கு வாங்குனீங்க?" என்றாள். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவுக்கோ வாயெல்லாம் பல். விலையைச் சொல்லி, கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கீழே அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

அவள் கணவர் உயரமானவர், அதிகம் பேசாதவர். இவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மெதுவாக எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் முகம் எனக்கு நன்றாகப் புரியும். அந்தக் கூட்டத்தில் நானும் அவரும் ஒரே கட்சி.

இரண்டாயிரத்து ஒன்றில் வேலைகள் போக ஆரம்பித்தன. முதலில் போனது என் கணவருடையது. சீக்கிரம் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று இரண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம். அவள் வந்து, "பகல்ல கார் நிக்குதே, வேலை போயிருச்சா?" என்று நேராகவே கேட்டாள். வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமை, சான் ரமோன் வீட்டில், எல்லோரும் தட்டும் கையுமாக நிற்கும்போது டைரக்டரிடம் போனாள். "சார், இந்தா நிக்கிறாரே இவருக்கு வேலை போயிருச்சு. உங்க ஆபீஸ்ல ஏதாச்சும் இருந்தா பாருங்க."

இவர் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகம் எரிந்தது. தட்டுகளை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் காலை அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"உன்னைக் கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"எங்களுக்குன்னு ஒரு மானம் இருக்குக்கா."

"இருக்கட்டும் தாயி. அது வேலை வாங்கித் தருமா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அந்த வாரமே டைரக்டர் இவரை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார். வேலை கிடைத்தது. இவர் இனிப்பு வாங்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு அவளுடைய வாயால் எரிகிறது என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. நன்றி இருந்தது, இல்லாமல் இல்லை. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. அவள் கேட்டால் கிடைக்கிறது. எதைக் கேட்டாலும் கிடைக்கிறது.

கொஞ்ச நாளில் அவள் கணவருக்கும் வேலை போனது. இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சாயங்கால நடை நின்றுபோனது. ஒருநாள் அவளே வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. என் மகள் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சார்கிட்ட சொன்னீங்களாக்கா?" நான்தான் கேட்டேன்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. உன் வீட்டுக்காரருக்காகக் கேட்டேன்ல, அன்னிக்கு ராத்திரி சொன்னாரு. எனக்குன்னு இப்படி வந்தா நீ வாயே தொறக்கக்கூடாது, செத்துருவேன்னு."

அடுத்த நாள் நான் டைரக்டருக்கு போன் செய்தேன். என்ன சொல்லவேண்டும் என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு செய்தேன். அப்படியும் நடுவில் தடுமாறினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப எதுவும் எடுக்க வேணாம்னு மேலருந்து சொல்லிட்டாங்கம்மா. உங்க ஹஸ்பண்டே கடைசி பஸ்ஸ பிடிச்சவர்தான்" என்றார். பிறகு, "ஆமா, அவங்க ஏன் என்கிட்ட கேக்கல? அவங்களே ஒரு வார்த்தை கேட்டா எப்படியாவது ட்ரை பண்ணிப் பாக்கலாம்" என்றார்.

போனை வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்து இன்னொருத்திக்காகக் கேட்டிருக்கிறேன். அதிலும் அவள்தான் வேண்டியிருந்தது.

ஆனால் போய்ச் சொன்னேன். "ஒரு வார்த்தை கேட்டாப் போதுமாம்க்கா. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே வேணாம்."

காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்டது. மெல்லிய சுவர். குரலைத் தணித்துக்கொண்டு, "வேணாம்த்தா. வேலை கிடைச்சிரும். அப்புறம் கடைசிவரைக்கும் அந்த மனுசன் முகத்தை யாரு பாக்குறது?" என்றாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

வேலை கிடைக்காமல் அவர்கள் ஊருக்கே கிளம்பிய காலை பார்க்கில் பாதிப்பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக் கிழவர் ரோஜாக்களை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். ஃப்ளைட்டில் எப்படிக் கொண்டுபோவது என்று அவரையே கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். எல்லோரையும் கட்டிப்பிடித்து முடித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கு என்னைக் கண்டா ஆகாதுல்ல?"

இல்லைக்கா என்றுதான் சொல்ல வந்தேன். என் மாதிரி ஆட்கள் அதைத்தான் சொல்வோம்.

"ஆகாது" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியொரு சிரிப்பு. வேனில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்துத் தெருவே கேட்கக் கத்தினாள். "ஏங்க! இவளுக்கு என்னைக் கண்டா ஆகாதாம்! சொல்லிட்டா!"

அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். புல்லைப் பார்க்கத் திரும்பவில்லை. அவளைப் பார்த்தே சிரித்தார். அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடிப்போய் வேனில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் நாங்கள் அந்தப் பார்க்கில் இருந்தோம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வேலை செய்ய அனுமதி வந்ததும் ஒரு டேகேரில் சேர்ந்தேன். சாயங்காலம் நடக்கும்போது இப்போது கதவுகள் திறந்தன. கைத்தடி ஊன்றிக்கொண்டு யாராவது படியிறங்கி வருவார்கள். "ஹவ் இஸ் யுவர் ஃப்ரெண்ட்?" என்பார்கள்.

"ஷி இஸ் ஃபைன்" என்பேன். அந்த முகங்கள் மலர்ந்துவிடும். அடுத்து என்னைப் பற்றி ஏதாவது கேட்பார்களா என்று ஒரு நிமிடம் நின்று பார்ப்பேன். பிறகு நடக்க ஆரம்பிப்பேன்.